பால் கணக்கு நோட்டில் 64 எழுத்துகள்

வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிக்கொண்டிருந்தேன். கோப்புகளை எவ்வளவு நகலெடுத்தாயிற்று என்று திரையில் காட்டும் கோடு பாதியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. சனிக்கிழமை இரவு, மணி பதினொன்று இருக்கும். மார்ச் மாதத்துப் புழுக்கம். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிகள். 'எர்ரர்' என்ற சொல்லையும் 5 என்ற எண்ணையும் மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினேன். மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். இந்த முறை கால்வாசியிலேயே நின்றது.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி. அங்கேதான் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலும் தெருவிலும் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம். மகள் ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். கேரளப் பள்ளிகளில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2017இல் அது கைட் என்ற நிறுவனமாக மாறியது. அவர்கள் பள்ளிகளுக்குக் கொடுப்பது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். ஆகவே மகளுக்குக் கணினி என்றால் லினக்ஸ்தான். படம் வரைய இங்க்ஸ்கேப், கணக்குக்கு ஜியோஜீப்ரா, வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ். பள்ளியில் பழகிய அதே முகம் வீட்டிலும் வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் கணினி 2014இல் வாங்கியது, நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நன்றாக ஓடுகிற பெட்டியை அதற்காகத் தூக்கிப்போட மனம் வரவில்லை. லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று முடிவு செய்தோம். 2 ஜிபி ரேமே (தற்காலிக நினைவகம்) போதும் என்கிற இலகுவான பதிப்பு அது. எங்களிடம் 8 இருந்தது. வாங்கும்போது இருந்தது 4. மூன்று வருஷம் முன்பு இன்னொரு 4 ஜிபி துண்டைப் பழையதாக வாங்கிச் சேர்த்திருந்தேன். அந்தத் துண்டைப் பற்றி அன்றிரவு எனக்கு நினைவே வரவில்லை.

பழைய போட்டோக்கள், அம்மாவின் ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகுதான் இறங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஏனென்றால் 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று கொடுத்த பிறகு இன்ஸ்டால் பாதியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எங்கள் நிலைமை அதுதான். விண்டோஸ் போய்விட்டது, மின்ட் வரவில்லை. பென் டிரைவைச் செருகினால் நிறுவாமலே ஓடிப்பார்க்கிற லைவ் திரை மட்டும் வரும். பென் டிரைவை எடுத்தால் கருப்புத் திரை.

மூன்றாவது முறையும் நின்றபோது மகள் எழுந்து வந்துவிட்டாள். நான் பெட்டியை மூடப்போன நேரம் கையைப் பிடித்தாள். "முழுசாப் படிச்சீங்களாப்பா?" படிக்கவில்லை. அவள் பால் கணக்கு நோட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தில் அந்த வரிகளை அப்படியே எழுதினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். எண் 5, உள்ளீடு வெளியீட்டுப் பிழை. இது பெரும்பாலும் சிடி அல்லது டிவிடி தட்டு கெட்டிருப்பதால் வரும், அல்லது ஹார்ட் டிஸ்க் கெட்டிருப்பதால் வரும். தட்டைத் துடைத்துப் பாருங்கள், குறைந்த வேகத்தில் எழுதிப் பாருங்கள், டிரைவின் லென்சைச் சுத்தம் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் பழசாகி மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறதா பாருங்கள். அல்லது கணினியை இன்னும் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கடைசி வரியில் இருவருமே நின்றோம். பாலக்காட்டு மார்ச் மாதத்தில் இதைப் படித்தால் வேறு எதுவும் மனதில் ஏறாது. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளியில் இருக்கிறது எங்கள் மாவட்டம். கோடையில் அந்தக் கணவாய் வழியாகக் கிழக்கே இருந்து வருவது அனல் காற்று. கேரளத்தில் வெயில் கொளுத்தும் இடம் என்று எங்கள் மாவட்டத்தைத்தான் முதலில் சொல்வார்கள். ஆக, சூடுதான் காரணம் என்று தீர்மானித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிராசசர் விசிறியில் பஞ்சு போல் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டி எடுத்தோம். பிராசசரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டும் காய்ந்து போயிருந்தது, அதைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குத் திண்ணையில் வைத்து, பனி இறங்கிய காற்றில் ஓடவிட்டோம். முக்கால்வாசி வரைக்கும் போய் நின்றது.

அந்த ஒன்றரை நாளும் வீண் என்று சொல்ல மாட்டேன். தூசி போனது நல்லதுதான். ஆனால் அந்தச் செய்தியில் இரண்டு பகுதிகள் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கணினி உண்மையில் கண்டது ஒன்றுதான்: படிக்க வேண்டியதைச் சரியாகப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை. அது நடந்த விஷயம். அதற்குப் பின்னால் வருகிற தட்டு, லென்ஸ், சூடு எல்லாம் சிடி காலத்தில் யாரோ ஒரு நிரலாளர் நல்லெண்ணத்தோடு எழுதி வைத்த ஊகம். 'பெரும்பாலும்' என்ற சொல்லை மகள் தமிழில் சொல்லியிருந்தாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

அப்புறம் ஒழுங்காக யோசித்தோம். மகள் ஒவ்வொரு முறையும் எத்தனை சதவீதத்தில் நின்றது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தாள். ஒரே இடத்தில் நின்றிருந்தால் பென் டிரைவில் அந்த இடத்தில் இருக்கும் கோப்பு கெட்டிருக்கிறது என்று நினைக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. பென் டிரைவ் கெட்டிருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹார்ட் டிஸ்க் போயிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அதனால் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம்.

லைவ் திரையில் 'டிஸ்க்ஸ்' என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைப் பார்க்கலாம். கெட்டுப்போய் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு கட்டங்கள்) பூஜ்யம். மாற்றக் காத்திருப்பவை பூஜ்யம். கேபிள் தளர்ந்திருந்தால் ஏறிக்கொண்டே போகிற சிஆர்சி எண்ணிக்கையும் பூஜ்யம். பன்னிரண்டு வயது டிஸ்க்குக்கு இது நல்ல சான்றிதழ்.

திங்கள் மாலை பெட்டியைப் பக்கத்து ஊரில் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பவர் கொடுத்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார். "போர்டு போயி சேட்டா, புதியது வாங்ஙிக்கோ" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. காரணம் சொல்லாமல் மாற்றச் சொல்வதும், காரணம் கேட்காமல் மாற்றிக்கொண்டு வருவதும் எங்கள் பக்கத்தில் பழகிப்போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் உழைத்த பெட்டியை அப்படிக் கைவிட விருப்பமில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வெளி ஹார்ட் டிஸ்க்கை மண்டிக்கு எடுத்துப்போனேன். மதிய வேளையில் ஆபீஸ் கணினியில் மின்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பைப் புதிதாக இறக்கினேன். கிட்டத்தட்ட 3 ஜிபி. இப்படிப்பட்ட கோப்புகளோடு எஸ்ஹெச்ஏ-256 என்று ஒரு சரிபார்ப்பு வரியும் வெளியிடுவார்கள். கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்குள் போட்டு எடுத்தால் 64 எழுத்துகள் வரும், 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும். கோப்பில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். விண்டோஸிலேயே இருக்கும் சர்ட்யூட்டில் கட்டளையால் கணக்கிட்டுப் பார்த்தேன். அவர்கள் வெளியிட்ட வரியும் என் வரியும் ஒன்றேதான். அந்த 64 எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கோப்பை வெளி டிஸ்க்கில் போட்டு, புதுப் பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற செயலி மூலம் எழுதியும் எடுத்து வந்தேன். இரவு நிறுவிப் பார்த்தால் பழைய கதைதான்.

மகள்தான் கேட்டாள்: "அந்தக் கணக்கை நம்ம கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாக்கலாமாப்பா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. கோப்பு சரி என்றுதான் மதியமே பார்த்தாயிற்றே. ஆனாலும் சரி, போட்டுப் பார்ப்போம் என்று லைவ் திரையில் டெர்மினலைத் திறந்து வெளி டிஸ்க்கில் இருக்கும் அதே கோப்புக்கு எஸ்ஹெச்ஏ256சம் கட்டளையைக் கொடுத்தோம். அவள் திரையைப் பார்த்துப் படிக்க, நான் தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பதாக ஏற்பாடு. பியும் டியும் காதில் ஒன்று போலவே விழுவதால் 'பஸ் பி', 'டவரா டி' என்று சொல்லுவதாகப் பேசிக்கொண்டோம். முதல் எழுத்தே வேறு. அவள் தப்பாகப் படிக்கிறாள் என்று நினைத்து இரண்டாவது, மூன்றாவது எழுத்தைக் கேட்டேன். எல்லாமே வேறு. திரையில் இருந்த வரியை அவள் நோட்டில் எழுதினாள். கணினியை அணைத்து, மறுபடி தொடங்கி, திரும்பக் கணக்கிட்டோம். மூன்றாவதாக இன்னொரு வரி வந்தது.

அந்த நிமிஷத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோப்பு அதே கோப்பு. ஒரு கோப்புக்கு ஒரு வரிதான் இருக்க முடியும். இரண்டு முறை கேட்டால் இரண்டு பதில் வருகிறது என்றால், தவறு கோப்பில் இல்லை. படிப்பவரிடம் இருக்கிறது. மறுநாள் உறுதிக்காக அதே வெளி டிஸ்க்கை மண்டிக்குக் கொண்டுபோய்க் கணக்கிட்டேன். தாளில் இருந்த 64 எழுத்துகளும் வரிசை பிசகாமல் வந்தன.

டிஸ்க்கில் இருந்து படிப்பது எதுவானாலும் முதலில் ரேமுக்குத்தான் வரும். அங்கே வைத்துத்தான் பிராசசர் அதைக் கணக்கிடும், பிரிக்கும், திரும்ப எழுதும். அப்போதுதான் மூன்று வருஷத்துக்கு முன் சேர்த்த துண்டு நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை இரவு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேம் துண்டுகளைக் கழற்றினோம். பழைய துண்டை மட்டும் போட்டுக் கணக்கிட்டோம், வரி சரியாக வந்தது. அதை எடுத்துவிட்டு, பின்னால் வாங்கியதை அதே இடத்தில் போட்டோம். வரி தப்பு. ஸ்லாட்டில் கோளாறு இருக்குமோ என்று அதையே அடுத்த ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தோம். அங்கும் தப்பு. தங்க நிறத்தில் இருக்கும் காண்டாக்ட்டுகளைப் பென்சில் ரப்பரால் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும் என்பது உண்மைதான். துடைத்தோம், ஆகவில்லை. இரவு படுக்கப்போகும் முன் மெம்டெஸ்ட் 86+ என்ற சோதனை நிரலை ஒரு பென் டிரைவில் எழுதி, அந்தத் துண்டை மட்டும் வைத்து ஓடவிட்டோம். ரேமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதே வருகிறதா என்று பார்க்கும் நிரல் அது. காலையில் மனைவி வாசல் தெளிக்க எழுந்தவள் என்னை எழுப்பினாள். திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

இங்கே நீங்கள் கேட்கலாம். இதே ரேமோடு விண்டோஸ் மூன்று வருஷம் ஓடியதே? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரேம் முழுவதும் கெட்டிருக்கவில்லை, சில இடங்கள் மட்டும்தான். பிரவுசரும் டேலியும் மட்டும் திறந்தால் அந்த இடங்கள் வரை தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டாலும், ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் மின்ட் இன்ஸ்டாலர் எடுத்து விரிப்பது ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வகையில் இறுக்கி அடைத்த ஒரே பெரிய கோப்பு. இறுக்கிய தரவில் ஒரு பிட் தவறினால் அந்தக் கட்டு முழுவதையும் பிரிக்க முடியாது. அங்கே ஒளிய இடமில்லை. சர்வர்களில் இசிசி என்று பிழையைத் தானே திருத்தும் ரேம் போடுவார்கள். நம் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது.

இதைப் புரிந்துகொண்டதும் வயிற்றில் ஒரு கலக்கம் வந்தது. வெளி டிஸ்க்கில் நான் எடுத்து வைத்த போட்டோக்கள் அத்தனையும் இந்த ரேம் வழியாகத்தானே போயின? வியாழக்கிழமை இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. பெரும்பாலானவை நன்றாக இருந்தன. ஒன்பது படங்கள் கெட்டிருந்தன. அதில் ஒன்று என் அம்மா, எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முறத்தில் கொள்ளுப் புடைக்கும் படம். முகம் இருக்கிறது, முறத்தின் மேல் விளிம்பு இருக்கிறது, அதற்குக் கீழே ஒரே சாம்பல். இந்தப் படத்தைப் போன வருஷமே இப்படிப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. போன் கோளாறு என்று விட்டுவிட்டேன். போனில் இருந்த மூலப் படத்தை, கணினிக்கு மாற்றியாயிற்று என்ற நிம்மதியில் எப்போதோ அழித்திருந்தேன். அம்மா இப்போது இல்லை. கோவையில் இருக்கும் தங்கையிடம் கேட்டேன். அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பியிருந்தேனாம், அளவு சிறுத்த படம். அதை அனுப்பிவைத்தாள். கொள்ளு மணிகள் தெளிவாகத் தெரியாது. இருக்கட்டும், கைகள் தெரிகின்றன.

இன்ஸ்டால் அன்று பாதியில் நிற்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை படங்கள் அப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முக்கியமானதை எங்கே நகலெடுத்தாலும் இப்போது மூலத்துக்கும் நகலுக்கும் இந்த 64 எழுத்துகளை ஒப்பிட்ட பிறகுதான் மூலத்தை அழிக்கிறேன். கணினியை மறுபடி தொடங்கிவிட்டு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதைப் படிக்காமல், ரேமில் மிச்சமிருக்கும் பிரதியையே படித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடும்.

நல்ல துண்டு ஒன்றை மட்டும் வைத்து வெள்ளிக்கிழமை நிறுவினோம். நகலெடுக்கும் கோடு ஒரே மூச்சில் கடைசி வரை போனது. அங்கே வேறொரு செய்தி: கிரப் நிறுவ முடியவில்லை. கணினியை எழுப்பிவிடும் சின்ன நிரல்தான் கிரப். இந்த முறை பதறவில்லை. மகள் நோட்டை எடுத்தாள்.

இதன் காரணம் சீக்கிரம் பிடிபட்டது. கணினி எழுவதற்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையும் பயாஸ் என்ற பழைய முறையும் உண்டு. முதல் நாள் பென் டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் எழுப்பியிருந்தேன், டிஸ்க்கும் அதற்கேற்ப ஜிபிடி என்ற பகிர்வு வகையாகப் பிரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை, எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனுவில் அதே பென் டிரைவின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றொன்று வெறும் பெயர். வெறும் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பழைய பயாஸ் முறை. அந்த முறையில் ஜிபிடி டிஸ்க்கில் கிரப் உட்கார வேண்டுமானால் தனியாக ஒரு குட்டிப் பகிர்வு ஒதுக்கியிருக்க வேண்டும், 1 எம்பி போதும். நானோ 'வேறு வழி' என்பதைக் கொடுத்துப் பழைய பகிர்வுகளையே பயன்படுத்தியிருந்தேன். அதில் அந்தப் பகிர்வு இல்லை. எந்த முறையில் எழுந்திருக்கிறோம் என்று சந்தேகமாக இருந்தால், லைவ் திரையில் சிஸ் என்ற அடைவுக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஓர் அடைவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ. சரியான பெயரைத் தேர்ந்தெடுத்து மறுபடி நிறுவினோம். கால் மணி நேரத்தில் முடிந்தது.

தினமும் காலையில் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்பதும், தேதி பின்னால் போவதும்கூட இருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தது. இரவில் சுவிட்சை அணைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு அல்லவா, அணைத்ததும் அமைப்புகள் மறந்துபோகும். கடிகாரக் கடையில் வாங்கிப் போட்டோம்.

இப்போது 4 ஜிபியில்தான் ஓடுகிறது, குறையொன்றும் தெரியவில்லை. நிறுவும்போது விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, கடவுச்சொல் எல்லாம் முடிந்த பிறகு தமிழ் 99ஐச் சேர்த்துக்கொண்டோம். மகளின் முதல் வேலை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய அந்த எண் 5 செய்தியைத் தமிழில் தட்டியது. பள்ளியில் நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமாம். தட்டு, லென்ஸ், ஹார்ட் டிஸ்க், குளிர்ச்சியான இடம் என்று எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இதுல ரேமைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையேப்பா."

இல்லைதான். அவளே கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'ரேமையும் பாருங்கள்.'